விண்டோஸ் 10-இலேயே இருக்கலாமா, 11-க்கு மாறலாமா? புதியவர்களுக்கான செய்முறை

புதிய இயங்குதளம் வந்தால் பெரும்பாலானோர் அதன் தோற்றத்தைப் பார்த்துத்தான் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது தேதியை. பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை வரும் என்பது தெரிந்தாலே பாதி முடிவு வந்துவிடும். மீதிப் பாதியை உங்கள் கணினியும் அதோடு இணைத்திருக்கும் கருவிகளும் சொல்லும்.

படி 1: கையில் இருப்பது எது?

செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம் பகுதியில் அபவுட் என்பதைச் சொடுக்குங்கள். விண்டோஸ் பதிப்பு, பிராசசர் பெயர், ரேம் அளவு மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: ஆதரவு எப்போது முடிகிறது?

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலையில். அதற்கான ஆதரவு (மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் திருத்தங்கள் தருவது) 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மறுநாளும் கணினி வழக்கம்போல ஓடியதால், "ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் இருந்துவிட்டார்கள். பாதுகாப்பில் ஓட்டை விழுந்தால் அது திரையில் தெரியாது என்பதுதான் சிக்கல்.

2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை தாக்குதலை எண்ணிப் பாருங்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட நச்சுநிரல் அது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஆனால் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014-லேயே ஆதரவு முடிந்திருந்ததால், அதை வைத்திருந்தவர்களுக்கு அந்தத் திருத்தம் பொதுவாகக் கிடைக்கவில்லை. தாக்குதல் நடந்த பிறகே எல்லோருக்கும் தனியாக வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள்தான் அதிகம் சிக்கின. அவற்றில் அப்டேட் போடாமல் விட்டிருந்தார்கள். புதியதை வைத்திருந்தாலும் அப்டேட்டை நிறுத்தி வைத்தால் பயனில்லை.

உடனே மாற முடியாதவர்களுக்கு ஈஎஸ்யூ என்ற நீட்டிப்புத் திட்டம் உண்டு. தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அறிவித்தார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்குப் பதிவு செய்யலாம். இதை அவகாசமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கணினி தாங்குமா?

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் வசதி (தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்பது), டிபிஎம் 2.0 சிப் (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்) ஆகியவை வேண்டும். 4 ஜிபி என்பது ஏட்டுக்கணக்கு; நிம்மதியாக வேலை செய்ய 8 ஜிபியும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் வேண்டும் என்பது என் கருத்து.

பிராசசர் இன்டெல் என்றால் பெயரில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. சில விதிவிலக்குகள் தவிர, எட்டும் அதற்கு மேலும்தான் ஏற்கப்படும். ஏஎம்டி ரைசன் என்றால் பொதுவாக 2000 வரிசையிலிருந்து. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டினால் இவை எல்லாவற்றையும் அதுவே சோதித்துச் சொல்லும்.

டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். சிப் இருந்தும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் கணினியில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் அது இருக்கும். ஆனால் பயாஸில் கை வைப்பதற்கு முன்பு ஐந்தாம் படியை முடித்துவிடுங்கள்.

படி 4: கூட இருப்பவை ஒத்துழைக்குமா?

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் ஒருமுறை பார்க்காமல் மாற்றினேன். புதிய விண்டோஸுக்கு டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) இல்லாததால், நன்றாக இருந்த ஸ்கேனர் அன்றோடு மூலைக்குப் போனது. அதனால் பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் 11 டிரைவர் அல்லது பதிப்பு இருக்கிறதா என்று அதன் தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். உங்களுடையது 32 பிட் என்ற பழைய வகை விண்டோஸ் என்றால் கூடுதல் கவனம் தேவை: 11-இல் 64 பிட் மட்டுமே உண்டு, மிகப் பழைய 16 பிட் மென்பொருள்கள் அதில் ஓடா.

படி 5: பேக்கப்

கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி என வையுங்கள். பழைய ஆவணங்களைத் தனி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் திறக்கும்போது வெறும் குறிகளாகத் தெரியும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதி இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைப்பது கட்டாயம். பயாஸில் டிபிஎம்மைத் தொட்டால் கணினி அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். அப்போது சாவி கையில் இல்லையென்றால் உங்கள் கோப்புகளே உங்களுக்குக் கிடைக்காது. தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 6: முடிவு

மூன்றாம், நான்காம் படிகள் சரியாக வந்தால் தயங்காமல் மாறுங்கள். கணினி தகுதி பெறாவிட்டால் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றச் சொல்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. நாம் மாறுவதே அப்டேட்டுக்காகத்தான். அதைவிட லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பாருங்கள். டிஸ்க்கில் இருப்பதைத் தொடாமலேயே வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று சோதிக்கலாம்.

படி 7: முதல் பத்து நாள்

விண்டோஸ் 10-இன் மேலேயே அப்கிரேட் செய்தால் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் கிடைக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, அங்கே கோ பேக். அதற்குள் எல்லா வேலையையும் ஒருமுறையாவது செய்து பாருங்கள்: ஒரு பக்கம் அச்சிடுங்கள், ஸ்கேன் செய்யுங்கள், கணக்கு மென்பொருளில் ஒரு பதிவு போடுங்கள். இடம் போதவில்லை என்று விண்டோஸ்.ஓல்டு கோப்புறையை மட்டும் அதற்குள் அழித்துவிடாதீர்கள். திரும்பும் வழி அதில்தான் இருக்கிறது.