வீட்டு மானியப் பயனாளிகளை எண்ணும்போது நேரும் தவறுகள்

நெல்லைச் சீமையில் அரசின் வீட்டு மானியத்தால் பயனடைந்தோர் எத்தனை பேர் என்று கணக்கிடுவோர், ஒப்புதல் பெற்றவர்களின் எண்ணிக்கையையே பயனாளிகளின் எண்ணிக்கையாக எழுதிவிடுவதுதான் தவறுகளில் பெரியது. வேலை உத்தரவு கைக்கு வந்த நாளில் வீடு எழுந்துவிடுவதில்லை. பிரதம மந்திரி ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு உரிய 1,20,000 ரூபாய், அடித்தளம், லிண்டல், கூரை என்று பணி உயர உயரத் தவணைகளாகவே வருகிறது. அடுத்த மட்டத்தை எட்டக் கைப்பணம் இல்லாமல் மானூர்ப் பக்கம் ஒரு குடும்பம் அடித்தளத்தோடு நின்றுபோய், அருகிலேயே ஓலைக் குடிசையில் தங்கியிருந்தாலும், பட்டியலில் அதுவும் பயனாளிக் குடும்பமே. ஆகவே ஒப்புதல், பணித் தொடக்கம், பணி நிறைவு, குடியேற்றம் ஆகிய நான்கையும் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டும்; கடைசி எண்ணே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இலக்கையும் சாதனையையும் குழப்பக் கூடாது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது தமிழகம் முழுமைக்கும் அறிவிக்கப்பட்ட இலக்கு.

ஆண்டுகளை ஒப்பிடுவோர் மாவட்ட எல்லையை மறந்துவிடுகிறார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது சங்கரன்கோவில், கடையநல்லூர், ஆலங்குளம் பகுதிகள் அதனுடன் சென்றன. அதன் பின் நெல்லைக் கணக்கில் எண் குறைந்திருந்தால், உதவி குறைந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டலாகாது.

ஊரக வளர்ச்சித் துறையின் பட்டியலோடு நின்றுவிடுவதும் பிழை. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் பெண்களுக்கான வீட்டு மானியம் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் வழியே வந்தது. பாளையங்கோட்டையில் கடன் வாங்கி வீடு கட்டிய சம்பளக்காரர், பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலான வட்டிக்குப் பெறும் வருமான வரிக் கழிவும் அரசு விட்டுக்கொடுக்கும் பணமே. அவரை எவரும் பயனாளி என்று அழைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

குளத்தங்கரைப் புறம்போக்கில் பட்டா இல்லாமல் குடியிருப்போர், சொந்த வீட்டுமனை கேட்கும் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவே வழியில்லாமல் விடுபடுகிறார்கள். அதனால் ஒன்றிய அலுவலகத்தின் பயனாளிப் பட்டியலை எடுப்பவர், அதே ஊராட்சியின் குடிசைக் கணக்கெடுப்பையும் கேட்டு வாங்கி, இரண்டையும் அருகருகே வைத்துப் பெயர் பெயராகச் சரிபார்க்க வேண்டும்.