மருந்தா நடையா என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி வந்தால், அதைப் படிப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யார் கைப்பேசிக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) பற்றிச் செய்தி வந்தாலும், மறுநாள் காலை அது என்னிடம் வந்துவிடும். தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பசியாறப் போகும் ஒட்டுக்கடையில் என்னை இன்னும் விடுவதாக இல்லை. 'மெட்ஃபார்மின் போட்டால் உடற்பயிற்சியின் பலன் போய்விடும்' என்று இனிப்புநீர் மாத்திரை பற்றிய செய்தி சுற்றியபோது, ஒருவர் மாத்திரையை நிறுத்தப் போவதாகச் சொன்னார். அதே செய்தியைப் படித்த இன்னொருவர், "அப்புறம் எதுக்கு டிரெஸ்ஸரய்யா நடக்கணும்?" என்றார்.

செய்திக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. அதனால் 'பொய், அழிச்சிடுங்க' என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராது.

முதலில் தேட வேண்டியது, யாரை வைத்துச் சோதித்தார்கள் என்பதை. 2019இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், 65 வயதை எட்டியவர்களை 14 வாரம் எடை தூக்க வைத்தார்கள். ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின், இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மெட்ஃபார்மின் தசை வளர்ச்சிக்கு உதவும் என்ற எதிர்பார்ப்பில்தான் ஆரம்பித்தார்கள். வெற்று மாத்திரை போட்டவர்களுக்கே தசை கூடுதலாக வளர்ந்தது. அதை மறைக்காமல் எழுதினார்கள். ஆனால் அவர்களில் யாருக்கும் இனிப்புநீர் கிடையாது. அதே ஆண்டில் வேக நடை போன்ற மூச்சிரைக்கும் பயிற்சியை வைத்து 12 வாரம் நடந்த இன்னோர் ஆய்விலும் இனிப்புநீர் உள்ளவர்கள் இல்லை. புலனத்துச் செய்தியில் விடுபட்டிருந்தது இந்த ஒரு வரிதான்.

அடுத்து, எதை அளந்தார்கள் என்று பாருங்கள். கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாட்டினை வைத்து 2013இல் வந்த ஆய்வில், 12 வாரப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் உடல் திறன் 10 சதவீதம் ஏறியது. பயிற்சியோடு 40 மி.கி. மாத்திரையும் போட்டவர்களுக்கு 1.5 சதவீதம்தான். படித்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அளந்தது உடல் திறனை, மாரடைப்பை அல்ல. 12 வாரத்தில் மாரடைப்புக் கணக்குப் பார்க்கவும் முடியாது. அதே 2013இல், கொழுப்பு அதிகமுள்ள முன்னாள் அமெரிக்கப் படைவீரர்கள் பத்தாயிரம் பேரை ஏறக்குறைய 10 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வும் வந்தது. மாத்திரையும் போட்டு, உடல் திறனும் உள்ளவர்கள்தான் மிகக் குறைவாக இறந்திருந்தார்கள். இது குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனை அல்ல என்பதால் சற்று நிதானமாகவே எடுத்துக்கொள்கிறேன். இருந்தாலும் நம் கேள்விக்கு நெருக்கமானது இதுதான்.

மூன்றாவது, சதவீதம். இதில்தான் எல்லாரும் விழுகிறார்கள். 'நடை 58 சதவீதம், மெட்ஃபார்மின் 31 சதவீதம் தடுக்கும்' என்பது 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வின் கணக்கு. இனிப்புநீர் வரும் நிலையில் இருந்த 3,234 பேர். நடை என்றால் வெறும் நடை அல்ல. வாரத்துக்கு 150 நிமிடப் பயிற்சியும், உணவைக் குறைத்து உடல் எடையில் 7 சதவீதம் இறக்குவதும் சேர்ந்தது. ஆள் கணக்காக மாற்றிப் பாருங்கள்: மூன்று ஆண்டில் 100 பேரில் வெற்று மாத்திரைக்காரர்கள் 29 பேருக்கு நோய் வந்தது, மெட்ஃபார்மினில் 22, பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் இருந்த பிரிவில் 14.

நம் ஆட்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்தியாவில் 531 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வை. அங்கே சும்மா விட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு மூன்று ஆண்டில் வந்துவிட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் இருந்தவர்களில் 39, மெட்ஃபார்மின் மாத்திரையில் 40 சொச்சம், இரண்டும் சேர்ந்தவர்களிலும் கிட்டத்தட்ட அதே 40. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் லாபம் இல்லை. ஆனால் இதுவும் இனிப்புநீர் இன்னும் வராதவர்களின் கதைதான். ஏற்கெனவே வந்து மாத்திரையில் இருப்பவர் இதைக் காட்டி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த ஒரு விவரம் உண்டு. ஏற்கெனவே உடல் உழைப்பு வேலை செய்பவர்களுக்குத் தனியாக நடை சொல்லவில்லை. இருக்கிற வேலையைத் தொடரச் சொன்னார்கள். இதைக் கேட்டதும் செம்பனைக் குலை வெட்டியவர்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். வேலையில் இருக்கும் வரை சரி. ஓய்வு பெற்றுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகு, அன்றைக்கு வெட்டிய குலையை இன்றைய கணக்கில் எழுத முடியாது.

சரி, செய்தியைப் படித்தாயிற்று, நடக்கப் போகிறீர்கள். அப்போது உங்கள் பையில் என்ன மாத்திரை இருக்கிறது என்பதுதான் முக்கியம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ரத்தத்தில் சீனி சட்டென்று இறங்குவது அரிது. சீனியைச் சட்டென்று இறக்கக்கூடிய கிளிக்லாசைடு மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். சீனி அளக்கும் கருவியில் 5 மில்லிமோலுக்குக் கீழே காட்டினால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வழியில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் நின்றுவிடுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். 'தே ஓ கோசோங்' என்ற வெறும் தேநீர் உதவாது, அதில் சீனி இல்லை. பிசோபுரோலோல், அட்டெனோலோல் போன்ற இதய, ரத்த அழுத்த மாத்திரை போடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வைதான் அடையாளம். அவர்கள் நாடி எண்ணி வேகம் பார்ப்பதும் சரிவராது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

மாத்திரைப் பெயர் தெரியாதவர்கள் உறையோடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அரசாங்க கிளினிக்கின் மருந்து கொடுக்கும் இடத்தில் வைத்து, "இதில் சீனியைச் சட்டென்று இறக்குவது எது?" என்று மட்டும் கேளுங்கள். காட்டிய உறையில் பேனாவால் ஒரு கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.