மராமத்து வேலைக்கு எந்த ரேட் பேசலாம்?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பழைய ஓட்டு வீட்டை மராமத்து பார்க்கிறீர்களா? மொத்தத் தொகைக்குப் பேசிவிடாதீர்கள். ஓட்டைப் பிரித்த பிறகுதான் எத்தனை ரீப்பர் (ஓடுகளைத் தாங்கும் மரச் சட்டம்) உளுத்திருக்கிறது என்பதே தெரியும். அதுவரை தினக்கூலிதான் நியாயம். பூச்சு, தரை மாதிரி அளக்க முடிகிற வேலைக்குச் சதுர அடி ரேட் போதும். பூச்சு அளவில் கதவு, ஜன்னல் திறப்பைக் கழிப்பார்களா என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தகராறு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

புதுக் கட்டடமென்றால் அஸ்திவாரத்தைத் தனியாகப் பிரியுங்கள். டெல்டாக் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும்; கெட்டி மண் கிடைக்கும்வரை தோண்டியாக வேண்டும். கூடுதல் ஆழத்துக்குக் கன அடிக்கு இவ்வளவு என்று முன்பே பேசினால் மேஸ்திரிக்கும் நஷ்டமில்லை. கூரை வேலையில் மட்டும் கடைசி 10 சதவீதத்தை ஐப்பசி மழையில் ஒழுகாததைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.