பழைய ஜீப்பு, ஜிப்சில கீழ சத்தம் வருதா? மெக்கானிக்கிட்ட போறப்போ இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

என்கிட்ட இருக்கிறது 1300 சிசி ஜிப்சி, எனக்கு முன்னாடி எத்தன கை மாறுச்சுன்னு ஆர்சி புக்க பாத்தாதான் தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை வத்தல்மலை ஏறிட்டு இறங்கி தர்மபுரிக்குள்ள வர்றேன், சீட்டுக்கு அடியில ஒரு அதிர்வு, ஆக்சிலேட்டர விட்டுட்டு மறுபடி மிதிச்சா 'டங்'னு ஒரு அடி. மறுநாள் காலையிலேயே ஒர்க்‌ஷாப் போயி நான் சொன்ன முதல் வார்த்தையே "அண்ணா, கியர்பாக்ஸ் போச்சு போல, பாருங்க". அவரும் பாத்தாரு. இறக்கினாரு, பிரிச்சாரு, பேரிங் மாத்தினாரு, சீல் மாத்தினாரு, நாலு நாள் ஆச்சு, 14 ஆயிரம் ஆச்சு. வண்டிய எடுத்துட்டு பென்னாகரம் ரோட்டுல ஒரு ரவுண்டு போறேன், அதே அதிர்வு, அதே 'டங்'.

அப்புறம் கிருஷ்ணகிரில லாரி ஷாஃப்ட் வேலை மட்டுமே பாக்குற ஒரு பெரியவர்கிட்ட போனேன். அவரு எதையும் கழட்டல. டார்ச் அடிச்சுக்கிட்டு வண்டிக்கு கீழ படுத்தாரு, ரெண்டு நிமிஷத்துல "தம்பி, இங்க வந்து பாரு"ன்னாரு. கியர்பாக்ஸுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (இன்ஜின் சக்திய முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரிச்சு அனுப்புற பெட்டி) நடுவுல இருக்கிற குட்டி ஷாஃப்ட்ல, கிராஸோட, அதாவது ஷாஃப்ட் முனையில மடங்கிக் கொடுக்குற சிலுவை மாதிரி இணைப்போட, மூடிய சுத்தி செவப்பா பொடி ஒட்டியிருந்துச்சு, குங்குமம் சிந்தின மாதிரி. உள்ள ஊசி பேரிங் கிரீஸ் இல்லாம காஞ்சு, துருப்புடிச்சு, அரைபட்டு வெளிய வந்த தூள் அது. கிராஸ் மாத்தினதும் சத்தம் போச்சு, சாமானுக்கு ஆன செலவு சில நூறு ரூபாதான்.

மொத மெக்கானிக் மேல கோபப்படவும் முடியல, ஏன்னா கியர்பாக்ஸ்னு சொன்னது நானு. டாக்டர்கிட்ட போயி "வயித்து வலி"ன்னு சொல்லாம "குடல்வால எடுத்துருங்க"ன்னு சொன்ன கதைதான். நம்மள்ல முக்காவாசி பேரு பண்ற தப்பு இதுதான், என்ன ஆகுதுன்னு சொல்லாம எது போச்சுன்னு நாமளே தீர்ப்பு சொல்லிட்டு போறோம். பிஸியா இருக்கிற ஒர்க்‌ஷாப்ல நம்ம தீர்ப்பதான் ஜாப் கார்டுல எழுதுவாங்க.

ஃபோர் வீல் வண்டில, அதாவது நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போற வண்டில, இது இன்னும் மோசம், ஏன்னா கார் மாதிரி ஒரே இடத்துல எல்லாம் இருக்காது. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், அதுக்கு பின்னாடி ட்ரான்ஸ்ஃபர் கேஸ், அங்கேருந்து முன்னாடிக்கு ஒரு ஷாஃப்ட் பின்னாடிக்கு ஒரு ஷாஃப்ட், ரெண்டு ஆக்சில், அதுக்குள்ள ரெண்டு செட் கிரவுன் பினியன் (ஷாஃப்ட் முனையில இருக்கிற சின்ன பல்சக்கரம் பினியன், அது சுத்தி விடுற பெரிய பல்சக்கரம் கிரவுன்), அப்புறம் நாலு சக்கரத்துலயும் பேரிங். மஹிந்திரா எம்எம் 540 மாதிரி ஜீப்புல ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோட முதுகுலயே போல்ட் போட்டு உக்காந்திருக்கும், ஜிப்சில தனியா ரப்பர் மவுண்ட்ல தொங்கும், அதனாலதான் அந்த மூணாவது குட்டி ஷாஃப்ட். அந்த ரப்பர் செத்தாலும் 'டங்' வரும், கியர் கூட வெளிய குதிக்கும். இதுல எங்க சத்தம் வந்தாலும் சேஸிஸ் வழியா ஏறி நம்ம சீட்டுக்கு அடியிலதான் கேக்கும், அத நம்பி இடத்த சொன்னா தப்பாத்தான் போகும்.

அப்போ மெக்கானிக்கிட்ட என்னதான் சொல்றது? எப்போ வருது, எப்போ நிக்குது, அவ்ளோதான். வீட்டு வாசல்லயே ஆரம்பிக்கலாம். வண்டி நியூட்ரல்ல, இன்ஜின் ஓடுது, கிளட்ச்ல கால் இல்ல, சத்தம் கேக்குது, கிளட்ச மிதிச்சதும் நின்னுருதுன்னா கியர்பாக்ஸுக்குள்ள போற முதல் ஷாஃப்டோட பேரிங் பக்கம் சந்தேகப்படணும். தலைகீழா, மிதிச்சாதான் சத்தம் வருதுன்னா கிளட்ச தள்ளி விடுற ரிலீஸ் பேரிங். வண்டி ஒரு அடி கூட நகரல பாருங்க, அதுக்குள்ள பாதி விஷயம் தெரிஞ்சுபோச்சு.

அடுத்தது ரோட்டுல. அதிர்வு 50லதான் வருதுன்னா அதே 50ஐ தேர்டு கியர்லயும் போர்த்துலயும் ஓட்டிப் பாருங்க, ரெண்டுலயும் ஒரே மாதிரி வந்தா அது வண்டி வேகத்தோட சுத்துற சாமான், அதாவது ஆக்சிலுக்கு போற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், ஆக்சில், சக்கரம் இந்தப் பக்கம், கியர் மாத்தினா அதிர்வு வர்ற வேகமும் மாறுதுன்னா இன்ஜின் கிளட்ச் பக்கம். அதே வேகத்துல கிளட்ச மிதிச்சு வண்டிய சும்மா உருள விடுங்க, அப்பவும் அதிர்வு இருந்தா கியர்பாக்ஸுக்கு பின்னாடி தேடலாம். ஆக்சிலேட்டர் மிதிக்கிறப்போ ஊளை, விட்டா குறையுது, இல்ல விட்டாதான் ஊளைன்னா கிரவுன் பினியன் பக்கம் காது கொடுக்கணும். ஸ்டியரிங்க லேசா இடது வலது ஆட்டுறப்போ 'உம்ம்' கூடி குறைஞ்சா வீல் பேரிங். இதெல்லாம் காலியான நேர் ரோட்டுல பண்ணுங்க, தயவுசெஞ்சு தொப்பூர் இறக்கத்துல கிளட்ச மிதிச்சுட்டு உருட்டாதீங்க, டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல இறங்கின லாரிங்க என்ன ஆச்சுன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல.

லோடும் முக்கியம். மாங்கா சீசன்ல கிரேட் ஏத்துனா மட்டும் சத்தம், காலி வண்டில இல்லன்னா அத கண்டிப்பா சொல்லணும். காலி வண்டிய ஒர்க்‌ஷாப்ல விட்டா அவருக்கு ஒண்ணுமே கேக்காது, "நல்லாத்தானே இருக்கு"ன்னு அனுப்பிருவாரு.

இன்னொண்ணு, மெக்கானிக்கிட்ட காட்டப் போறோம்னு முந்தின நாள் வாட்டர் சர்வீஸ் அடிச்சுட்டு போறது. மரியாதைக்குத்தான் பண்றோம், ஆனா இருந்த தடயம் எல்லாம் போயிரும். எண்ணெய் எங்கேருந்து வழிஞ்சு எந்தப் பக்கம் ஓடியிருக்கு, அந்த செவப்புப் பொடி, சக்கரத்துக்கு உள்பக்கம் தெறிச்ச கிரீஸ், எல்லாமே சாட்சி. நானும் அன்னிக்கு கழுவிட்டுத்தான் போனேன். அந்தப் பொடி அப்பவே இருந்திருக்கும், பெரியவர் பாத்தது அதுக்கு அப்புறம் நான் ஓட்டினதுல புதுசா வந்தது.

எண்ணெய்யும் அப்படித்தான். சத்தம் வருதுன்னதும் நாமளே பழசக் கொட்டிட்டு புதுசு ஊத்திட்டு போறோம், கொட்டின எண்ணெய்லதான் பதில் இருக்கு. ட்ரெயின் பிளக்ல காந்தம் இருந்தா அதுல ஈர விபூதி மாதிரி சாம்பல் கலர்ல மசி ஒட்டியிருக்கிறது சாதாரணம், பழைய வண்டில இருக்கத்தான் செய்யும். விரல்ல உருட்டினா துண்டு துண்டா சில்லு தட்டுப்பட்டா விவகாரம். எண்ணெய் பால் காப்பி கலர்ல இருந்தா தண்ணி பூந்திருக்கு. அஞ்செட்டி பக்கம் சின்னாத்துல இறக்கி ஏத்துறவங்களுக்கு இது அடிக்கடி வரும், ஓடி சூடான ஆக்சில் சில்லுனு தண்ணிக்குள்ள போனதும் உள்ள இருக்கிற காத்து சுருங்கும், மேல காத்து போய்வர்ற பிரீதர் ஓட்டை சேத்துல அடைச்சிருந்தா சீல் வழியா தண்ணிய உள்ள இழுத்துக்கும். சீல மாத்தி மாத்தி அலுத்துப்போனவங்க பிரீதர ஒருதடவ ஊதிப் பாருங்க. அப்புறம் எண்ணெய் மாத்துறப்போ ஊத்துற பிளக்க மொதல்ல கழட்டிட்டு அப்புறமா கீழ கழட்டுங்க, கீழ கொட்டிட்டு மேல பிளக் துருப்புடிச்சு திரும்பலன்னா வண்டி அங்கேயேதான் நிக்கும். ஆக்சிலுக்கு ஜிஎல்-5ன்ற தரத்து கியர் எண்ணெய்தான் போடுவாங்க, அதே டப்பாவ கியர் உரசாம விழ வைக்கிற பித்தளை சிங்க்ரோ ரிங் இருக்கிற பழைய கியர்பாக்ஸ்லயும் ஊத்தாதீங்க, அந்த வண்டி புக்குல ஜிஎல்-4னு இருந்தா ஜிஎல்-4தான், ஜிஎல்-5ல இருக்கிற சில கெமிக்கல் பித்தளைய அரிக்கும்.

சில நேரம் கோளாறே இருக்காது. தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டு ஓட்டிட்டு "ஸ்டியரிங் கனமா இருக்கு, ஃபோர் வீல் லிவர் மாட்டிக்கிச்சு, ட்ரான்ஸ்ஃபர் போச்சு"ன்னு வருவாங்க. இந்த பழைய வண்டிகள்ல முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல வேக வித்தியாசத்த சரிக்கட்டுற டிஃப்ரன்ஷியல் கிடையாது, வளைவுல முன் சக்கரம் பின் சக்கரத்த விட அதிக தூரம் போகணும், மண்ணுல சறுக்கி சரி பண்ணிக்கும், தார்ல சறுக்காது, முறுக்கு ஏறிக்கிட்டே போகும். நேரா கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தா லிவர் தானா விழும். முன்னாடி புது டயர் பின்னாடி மொட்டை டயர் போட்டு வச்சிருந்தாலும் இதே முறுக்கு சீக்கிரமா ஏறும், அதனால டயர் சைஸையும் காத்தையும் பாத்துட்டு அப்புறம் மெக்கானிக்கத் தேடுங்க.

வண்டியோட பூர்வீகத்த மறைக்கிறதும் பெரிய தப்பு, பல நேரம் நமக்கே தெரியாது. அஞ்செட்டில இருக்கிற எங்க மாமா ஜீப்புல ஃபோர் வீல் போட்டா மண் ரோட்டுல கூட உறுமும், லிவர் வெளிய தள்ளும், ட்ரான்ஸ்ஃபர் கேஸ ரெண்டு தடவ பிரிச்சு மாட்டியாச்சு. நான் போயி "மாமா, இதுல ஏதாச்சும் வேற வண்டி சாமான் போட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் இல்லடா. ஆமா, முன்னாடி ஆக்சில் உடைஞ்சப்போ பழைய கடையில ஒண்ணு எடுத்து போட்டோம். அதுவும் ஜீப்பு ஆக்சில்தான்."

"இத மெக்கானிக்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கலயே."

எண்ணிப் பாத்துட்டோம். மத்த மூணு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல்லு வச்சு, வண்டி நியூட்ரல்ல, லிவர் டூ வீல்ல, ஒரு பின் சக்கரத்த மட்டும் ஜாக்கில தூக்கி, ஷாஃப்ட்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டேன். தூக்கின சக்கரத்த சரியா ரெண்டு சுத்து சுத்தினா ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்துதோ அதுதான் ரேஷியோ. பின்னாடி அஞ்சு சுத்து முடிஞ்சு இன்னும் அரைக்கு கொஞ்சம் கம்மி, முன்னாடியும் அதே மாதிரி தூக்கி எண்ணினா அஞ்சுக்கே கொஞ்சம் கம்மி. அதாவது பின்னாடி கிரவுன்ல 43 பல்லுக்கு பினியன்ல 8 பல்லு, 5.38, முன்னாடி 39க்கு 8, 4.88. பத்து சதவீதம் வித்தியாசம், 100 மீட்டர் போனா முன்னும் பின்னும் 10 மீட்டர் சண்டை போட்டுக்குது, எந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தாங்கும்?

கல்லு வைக்கச் சொன்னது சும்மா இல்ல. பழைய ஜீப்பு, ஜிப்சில ஹேண்ட்பிரேக் சக்கரத்துல கிடையாது, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு பின்னாடி ஷாஃப்டத்தான் புடிக்கும். பின் சக்கரம் ஒண்ண தூக்கினாலோ பின் ஷாஃப்ட கழட்டினாலோ ஹேண்ட்பிரேக் இழுத்தும் வண்டி உருளும், கீழ ஆள் படுத்திருப்பாரு. அத மறந்துராதீங்க. ஷாஃப்ட கழட்டுறப்போ ரெண்டு பக்கமும் கோடு போட்டு வச்சு அதே மாதிரி மாட்டணும், மாறிப்போனா இல்லாத அதிர்வும் வந்துரும்.

சத்தத்த போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்புறது தப்பில்ல, ஆனா உள்ள உக்காந்து எடுத்த வீடியோல காத்து சத்தமும் டேஷ்போர்டு ஆட்டமும்தான் கேக்கும். மெக்கானிக்க கூட்டிட்டு ஒரு ட்ரையல் போறதுக்கு ஈடே இல்ல, மொதல்ல நீங்க ஓட்டி சத்தத்த வர வைங்க, அப்புறம் அவர ஓட்ட விடுங்க, பக்கத்துல உக்காந்து வாய மூடிக்கிட்டு இருங்க. "ட்ரையல் எல்லாம் வேணாம், விட்டுட்டு போங்க"ன்னு சொல்ற இடத்துல நான் இப்போ வண்டிய விடுறதில்ல. அதே மாதிரி "எதுக்கும் எல்லாத்தையும் மாத்திருங்க"ன்னும் சொல்லாதீங்க. பெங்களூர் ஜேசி ரோடு வரைக்கும் போயி சாமான் வாங்கி ஒரே நாள்ல நாலு மாத்தினா, எதுல சரியாச்சுன்னும் தெரியாது, புது சத்தம் வந்தா எதுல வந்துச்சுன்னும் தெரியாது. ஒண்ணு மாத்தி ஓட்டிப் பாத்துட்டு அடுத்தத தொடுங்க, மாத்தின பழைய சாமான கேட்டு வாங்கி கையில ஆட்டிப் பாருங்க.

மாமாவுக்கு சரியான ரேஷியோல ஆக்சில் இன்னும் கிடைக்கல. முன் ஷாஃப்ட கழட்டி மாட்டுக்கொட்டாய்ல தொங்க விட்டுட்டு டூ வீல்லயே மாங்கா ஓட்டிட்டு இருக்காரு. எங்கயாச்சும் 43க்கு 8 முன் ஆக்சில் கிடந்தா சொல்லுங்க, பல்ல எண்ணிட்டு சொல்லுங்க.