ஜன்னல் சீட் கிடைத்தும் வட்ட வானவில்லைத் தவறவிடுகிறோமே, ஏன்?

சென்னையிலிருந்து தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளம் வருகிற காலை விமானத்தில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஜன்னல் சீட்டுக்கென்று தனியாகக் காசு கட்டியிருப்பார்கள், உட்கார்ந்ததும் ஒரு செல்ஃபி எடுப்பார்கள், விமானம் மேகத்தைத் தாண்டி மேலே ஏறியதும் மூடியை இறக்கிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். வெளியே அந்த நேரத்தில்தான் விளையாட்டே ஆரம்பிக்கும். எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

முதல் தவறு டிக்கெட் போடும்போதே நடந்துவிடுகிறது. ஜன்னல் வேண்டும் என்று கேட்கிறோம், எந்தப் பக்கத்து ஜன்னல் என்று யோசிப்பதில்லை. வானத்து ஒளிக்கோலங்கள் எல்லாமே சூரியனை வைத்துத்தான் இடம் பிடிக்கின்றன. சில சூரியன் இருக்கிற பக்கம் வரும், சில சூரியனுக்கு நேர் எதிரே வரும். நம்ம விமானம் சென்னையிலிருந்து கிளம்பித் தெற்கே, கொஞ்சம் மேற்காகச் சாய்ந்து வருகிறது. அதனால் காலையில் சூரியன் இடப்பக்கம், விமானத்தின் நிழல் விழுவது வலப்பக்கம். அதே விமானம் சென்னைக்குத் திரும்பும்போது தலைகீழ், காலையில் நிழல் இடப்பக்கம் போய்விடும். சாயங்காலமென்றால் இதையே இன்னொரு தடவை புரட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். நிழலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டு நிழலைச் சுற்றி வருகிற வண்ண வளையத்தைத் தேடினால், நூறு தடவை பறந்தாலும் கிடைக்காது.

நடுப்பகல் விமானமும் இதற்கு ஆகாது. திருநெல்வேலிப் பக்கம் வருஷத்தில் பாதி நாள் உச்சிவெயில் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கிறது, அப்போது நிழல் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே போய்விடும், எந்த ஜன்னலிலும் தெரியாது. காலை ஒன்பதரைக்குள், அல்லது மூன்றரைக்கு மேல் பறந்தால் நல்லது.

இரண்டாவது, வட்டமாக நிறம் தெரிந்தாலே அதை வானவில் என்று முடிவு கட்டிவிடுவது. போன ஆடியில் அத்தையை முதல் தடவையாக விமானத்தில் கூட்டிக்கொண்டு வந்தேன். மேற்கே மேகம் பொதிகை வரைக்கும் பஞ்சுமூட்டை மாதிரி அடைத்துக் கிடந்தது. அத்தை என் தோளைத் தட்டி, “ஏல, அங்கன பாரு, வானவில்லு வட்டமா கெடக்கு, நடுவுல நம்ம ஏரோப்ளேன் நெழலு!” என்றாள். பார்த்தால் உள்ளே வெண்மை, அதைச் சுற்றி மெல்லிய நீலம், ஓரத்தில் செம்பழுப்பு, அதற்கும் வெளியே இன்னொரு வளையம் மங்கலாக. விமானம் போகப் போக அதுவும் மேகத்தின் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கிக் கூடவே ஓடி வந்தது.

அதன் பெயர் குளோரி. அத்தை சொன்னதில் பெரிய பிழை இல்லை, வானவில்லிலும் இதிலும் சிவப்பு வெளியேதான் இருக்கும், ஆனால் அளவில் இரண்டும் வேறு வேறு. கையை முன்னால் நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அந்த அகலம் சுமார் 10 பாகை (டிகிரி). குளோரி பெரும்பாலும் அரை முஷ்டியிலிருந்து இரண்டு முஷ்டிக்குள் அடங்கிவிடும். வானவில்லின் ஆரம் மட்டுமே சுமார் 42 பாகை, முழு வட்டமாக வந்தால் விமான ஜன்னலுக்குள் அடங்காது. வானவில்லுக்கு மழைத்துளி வேண்டும். குளோரிக்கு மேகத்தில் மிதக்கிற பொடித்துளி போதும், ஒரு மில்லிமீட்டரை நூறாக வெட்டினால் ஒரு துண்டோ இரண்டு துண்டோ வருகிற அளவு. துளி சின்னதாக ஆக ஆக வளையம் பெரிதாகும். ஒளி துளிக்குள் போய் வளைந்து திரும்புகிறது என்று பள்ளிக்கூடத்தில் வானவில்லுக்குப் போட்ட கோட்டுப்படம் இதற்குச் செல்லாது. வந்த வழியே திரும்புகிற ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால்தான் இந்த வளையங்கள் வருகின்றன. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் 1894-ல் இதைப் பார்த்த சி.டி.ஆர். வில்சன் அதை ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்க்க முயன்று, அந்த முயற்சி முகில் அறை என்ற கருவியில் போய் முடிந்து, அதற்காக 1927-ல் நோபல் பரிசும் வாங்கினார். ஒரு மனுஷன் மேகத்தைப் பார்த்து அசந்து நின்றதில் அணுத்துகளின் தடம் பார்க்கிற கருவி வந்திருக்கிறது!

அப்புறம், விமானத்தின் நிழல் தெரியவில்லையே, அப்படியானால் குளோரியும் இருக்காது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரை பாகை அகலமுள்ள வட்டு. அதனால் விமானத்தின் நிழல் சில நூறு மீட்டருக்கு அப்பால் மங்கிக் கரைந்துவிடும். மேகம் வெகு கீழே இருந்தால் நிழலே இல்லாமல் வளையம் மட்டும் தனியாக மிதக்கும், அதையும் தேடுங்கள். மேகம் பக்கத்தில் இருந்து நிழல் தெளிவாக விழுந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். வளையத்தின் மையம் எப்போதும் நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடம்தான். கடைசி வரிசையில் இருந்தால் நிழலின் வால் பக்கத்தைச் சுற்றி வரும், இறக்கைக்கு முன்னால் இருந்தால் அங்கே. அத்தைக்கு இதைச் சொன்னதும் அவள் நிழலில் நம்ம சீட் எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

சூரியன் பக்கம் உட்கார நேர்ந்தவர்கள் நமக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். “அகல் வட்டம் பகல் மழை” என்று நிலாவைப் பார்த்துச் சொல்வார்களே, அதே வட்டம் சூரியனுக்கும் உண்டு. மெல்லிய உயர்மேகத்தின் பனிப்படிகங்கள் செய்கிற வேலை அது. ஆரம் 22 பாகை, கையை நீட்டி விரல்களை அகல விரித்தால் வருகிற ஒரு சாண் அளவு. இதில் சிவப்பு உட்பக்கம் இருக்கும். ஆனால் சூரியனை ஜன்னல் சட்டத்தாலோ கையாலோ மறைத்துக்கொண்டு மட்டும் பாருங்கள். வெறும் கண்ணாலோ பைனாகுலராலோ நேராகப் பார்த்துவிடாதீர்கள், கண் போனால் திரும்பாது.

சூரியனுக்கு நேர் கீழே, அடிவானத்துக்கும் கீழே, இன்னொரு சூரியன் மாதிரி பளீரென்று ஒரு வெள்ளைப் பொட்டு கூடவே ஓடி வரும். பறக்கும் தட்டு என்று இதை வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். படுக்கைவசமாக மிதக்கிற தட்டையான பனிப்படிகங்கள் கண்ணாடியாக இருந்து சூரியனைக் காட்டுகின்றன, அவ்வளவுதான். தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயிலும் அதே இடத்தில்தான் தெரியும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம். கீழே மேகமா தண்ணீரா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தூத்துக்குடி உப்பளத்துக்கு மேலே வெளிச்சம் பாத்தி பாத்தியாகத் தாவி ஓடுவதையும், மழைக்குப் பிறகு குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னி அணைவதையும் நான் எந்த விமானத்திலும் விடுவதில்லை.

ஜன்னல் கண்ணாடிக்குள்ளேயே வண்ணம் வண்ணமாகப் பட்டை தெரிகிறது என்றால் உங்கள் கூலிங் கிளாஸைக் கழற்றுங்கள். போலராய்டு கண்ணாடி போட்டால் ஜன்னலின் அக்ரிலிக் தகடுதான் அந்த நிறங்களைக் காட்டும், வானத்தில் ஒன்றும் இல்லை. தலையைச் சாய்த்தால் நிறம் மாறும், அதுதான் அடையாளம். ஜன்னலின் கீழ்ப்பக்கத்தில் இருக்கிற பொடி ஓட்டையைச் சுற்றிப் பனி பூத்திருந்தால் கண்ணாடி விரிசல் என்று பயப்படவும் வேண்டாம், அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டுமென்றே போட்ட ஓட்டை அது.

படம் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். எரிந்தால் உங்கள் கைதான் கண்ணாடியில் தெரியும். லென்ஸைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், உள்ளே இருக்கிற விளக்கு படாமல் ஒரு கறுப்புத் துண்டையோ சால்வையையோ சுற்றிப் பிடித்துக்கொண்டு, திரையில் மேகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். ஆனால் முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள். மேகம் சட்டென்று முடிந்துவிடும், கூடவே வளையமும் போய்விடும்.

விமானம் இறங்கும்போது மேகம் இல்லாவிட்டாலும் நிழல் பக்கத்தை விடாதீர்கள். செம்மண்ணிலும் உடைமரக்காட்டிலும் ஒரு வெளிறிய பொட்டு நம்மோடு ஓடி வரும். ஜன்னல் பிரதிபலிப்பு என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சூரியன் நம் முதுகுக்கு நேர் பின்னால் இருப்பதால், அந்த ஒரு இடத்தில் மட்டும் ஒவ்வொரு மரத்தின் நிழலும் அந்த மரத்துக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது, நிழலே தெரியாத இடம் சுற்றியிருப்பதைவிட வெளிச்சமாகத் தெரிகிறது. இதன் உறவுக்காரன் ஒருவன் தரையிலும் இருக்கிறான், அதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். பனி விழுந்த காலையில் சூரியன் கிளம்பினதும் வயல் வரப்பில் முதுகில் வெயில் பட நில்லுங்கள், நெற்பயிரின் மேல் விழுகிற உங்கள் நிழலில் தலையைச் சுற்றி மட்டும் ஒரு வெளிச்சம் இருக்கும். பக்கத்தில் நிற்கிறவரிடம் கேளுங்கள், தன் தலையைச் சுற்றித்தான் இருக்கிறது என்பார்.