பந்தைத் தொடும் கணத்தில் மணிக்கட்டு

மலேசியாவின் குளுவாங் போன்ற தோட்டப்புற நகரங்களில் கோல்ஃப் பழக வருபவர்களுள் பலருக்குப் பூப்பந்தாட்டம் முன்பே கைவந்திருக்கும். இறகுப்பந்தை மணிக்கட்டால் சுண்டி அடிக்கும் அந்த வேகத்தைக் கோல்ஃப் மட்டைக்கும் கொண்டு வருவதே அவர்களுடைய முதல் இடர்ப்பாடு. கீழ்க்காணும் விளக்கம் வலக்கை ஆட்டக்காரர்களுக்கானது. இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

மட்டைமுகம் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லி வினாடிதான். அதற்குள் கையைத் திருத்த எவராலும் இயலாது என்பதால், மணிக்கட்டின் நிலை அதற்கு முந்தைய அசைவிலேயே அமைந்துவிட வேண்டும். 7ஆம் எண் அயன் (இரும்பு) வகை மட்டையால் தரையில் கிடக்கும் பந்தை அடிக்கும்போது, இடது புறங்கையும் முன்கையும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், அல்லது மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கமாகச் சற்றே கவிந்திருக்க வேண்டும். வலது மணிக்கட்டு பின்னோக்கி மடிந்தபடியே இருக்க வேண்டும். அப்போது கைகள் பந்தைவிடச் சற்று இலக்குப் பக்கம் முந்தியிருக்கும், மட்டையின் தண்டு இலக்கை நோக்கிச் சாயும், மட்டை முதலில் பந்தையும் பிறகே மண்ணையும் தொடும். இடது கையை வலப்புறமாக மிகுதியாகத் திருப்பிப் பிடிப்பவர்களுக்கு மணிக்கட்டு சற்றுக் குழிந்திருப்பது, அதாவது புறங்கைப் பக்கம் மடிந்திருப்பது, இயல்பு. அதைக் குறையெனத் திருத்தப்போய் ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரும்பாலோர் செய்யும் பிழை, பந்தை மேலே தூக்கிவிட முயல்வது. உயர்த்தும் வேலையை மட்டைமுகத்தின் சரிவே பார்த்துக்கொள்ளும் என்று நம்பாத கை, கடைசி நேரத்தில் வலது உள்ளங்கையால் அள்ளிவிடுகிறது. இடது மணிக்கட்டு குழிந்து, மட்டை கைகளை முந்துகிறது. நம் திடல்களில் பரவலாகக் காணப்படும் கவ் கிராஸ் என்னும் அகன்ற இலைப்புல், செழித்திருக்கும்போது பந்தைத் தாங்கி நிறுத்துவதால் இப்பிழை பல நாள் வெளியே தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் தரை ஊறியதும் மட்டை பந்துக்கு முன்பே சேற்றில் புதைந்து, உண்மை புலப்படும்.

இதற்குக் கைகளை மட்டும் குறைகூறுவது சரியன்று. உடல் எடை வலக்காலிலேயே தங்கினாலோ, இடுப்பு திரும்புவதை நிறுத்தினாலோ, மட்டைமுகம் திறந்தபடி, அதாவது இலக்குக்கு வலப்புறம் பார்த்தபடி, இறங்கினாலோ, கை அள்ளித்தான் ஈடுகட்டும். ஆகவே எடையை இடக்காலுக்கு மாற்றி, மார்பு இலக்குப் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும்படி பழகுவது முதல் வேலை.

பயிற்சிக்குச் செலவே இல்லை. நன்கு கழுவிய உரச்சாக்கில் பழந்துணி நிரப்பி, அதை மெதுவாக அடித்து, மட்டை சாக்கில் பட்ட நிலையிலேயே நின்று இரு மணிக்கட்டுகளையும் பாருங்கள். கடிகாரப் பட்டையில் மர அளவுகோலைச் செருகி, அதன் ஒரு முனை புறங்கைமீது படும்படி வைத்துக்கொண்டு, இடுப்பளவுக்கு மேல் மட்டையை உயர்த்தாமல் சிறு அடிகளை அடியுங்கள். மணிக்கட்டு குழிந்தால் அளவுகோல் புறங்கையை அழுத்தும். வேகத்தைப் பிறகு கூட்டலாம். வியர்வையில் நனைந்த கையுறை வழுக்கினால் பிடி இறுகி மணிக்கட்டு விறைத்துவிடும், ஆதலால் மாற்றுக் கையுறை ஒன்று பையில் இருக்கட்டும்.

டீ என்னும் சிறு முளைமீது வைத்த பந்தை டிரைவர் என்னும் நீண்ட மட்டையால் மேல்நோக்கி அடிக்கும்போது தண்டை இவ்வளவு சாய்க்கத் தேவையில்லை. ஆனால் அங்கும் அள்ளுதல் கூடாது.