திருவையாற்றில் நாதஸ்வர வித்துவானைச் சந்திக்க விரும்புவோருக்கு

தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியை ஒட்டித் திருவையாற்றில் நடைபெறும் தியாகராஜ ஆராதனைக்குச் செல்பவர்கள், தம் மனம் கவர்ந்த நாதஸ்வர வித்துவானிடம் நேரில் பேச விரும்பினால், வாசிப்புக்கு முன்னர் அவரை அணுகவே கூடாது. நாதஸ்வரத்தின் முனையில் செருகி ஊதும் நாணலான சீவாளியை உதட்டில் நனைத்துப் பதம் பார்க்கும் அந்த நேரம் முழுவதும் அவருக்கே உரியது. கச்சேரி முடிந்து, வாத்தியத்தை உறையிலிட்டு, அவர் காப்பி அருந்தி இளைப்பாறிய பின் வணங்கி, “ஐயா, தோடி ஆலாபனையில் மேல் ஸட்ஜத்தில் நெடுநேரம் நின்றீர்களே” என்று, கேட்டு நெகிழ்ந்த இடத்தைக் குறிப்பிட்டுப் பேசுங்கள். பொதுவான புகழ்ச்சியைவிட இதுவே அவரை மனம் திறக்கச் செய்யும். தவில் வித்துவானையும் மறவாமல் வணங்குங்கள். பலர் அவரைக் கடந்து போய்விடுவது எனக்குப் பெரும் வருத்தம். படமெடுக்க அனுமதி கேளுங்கள். கும்பகோணத்துக்குக் கிழக்கே, ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டையை (2022-இல் புவிசார் குறியீடு பெற்றது இவ்வூர் நாதஸ்வரம்) முன்னதாகவே பார்த்துவிட்டுச் சென்றால், நீங்கள் கேட்கும் கேள்விகளும் கூர்மையடையும்.